மிட்டாய்க்கடைக்காரிக்கு வந்த சர்க்கரை!

கோவில்பட்டி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கடலை மிட்டாய்தானே! 2020-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. எங்கள் வீட்டுத் தொழிலும் அதுதான். மாமனார் காலத்தில் தொடங்கிய கடை. முன்னால் கடை, பின்னால் பட்டறை, மாடியில் வீடு. காலையில் வெல்லப்பாகு காய்ச்சும் வாசத்தில்தான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கண் விழிக்கிறேன். கணக்கு எழுதுவது, வெளியூர் ஆர்டர் எடுப்பது, பார்சலுக்கு ஆள் ஏற்பாடு செய்வது எல்லாம் என் வேலை.

இப்படி ஒரு வீட்டு மருமகளுக்குச் சர்க்கரை நோய் வந்தால் ஊர் என்ன சொல்லும்?

"பின்ன வராதா? நாள் பூராவும் மிட்டாய்க்கு நடுவுலதானே உக்காந்திருக்கா!"

"வாய்க்கு ருசியா தின்னா உடம்பு சும்மா விடுமா?"

உண்மை என்னவென்றால், எனக்கு இனிப்பு அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால், அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? ஒரு கட்டத்தில் என் வீட்டிலேயே யாரும் நம்பவில்லை. 

எண்ணி வைத்த ஜாடி

2021-ம் வருடம். கொரோனாவின் இரண்டாவது அலை ஓய்ந்த நேரம். எல்லா வீடுகளையும் போல எங்கள் வீட்டிலும் கபசுரக் குடிநீர் கொதித்துக்கொண்டே இருந்தது. 'நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டணும்' என்பதுதான் எங்கு திரும்பினாலும் பேச்சு. நானும் மடக் மடக்கென்று குடித்தேன்.

அப்போதுதான் கவனித்தேன். எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. ராத்திரி மூன்று, நான்கு முறை எழ வேண்டியிருந்தது. 56 கிலோ இருந்த நான் 49-க்கு வந்திருந்தேன். ரத்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றில் சர்க்கரை 238. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி 9.1.

உள்ளூரில் பார்த்த டாக்டர் அதிகம் யோசிக்கவில்லை. 37 வயது, சர்க்கரை ஏறியிருக்கிறது, மாத்திரை எழுதினார். "இனிப்பைக் குறைங்க, நடங்க" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் அந்த வயதில் வருகிற சர்க்கரை பெரும்பாலும் டைப் 2 தான்.

நான் சொன்னபடி கேட்கிற ஆள். அரிசிச் சோற்றை ஒரு வேளையாகக் குறைத்தேன். வரகு, கம்பு, கேப்பை என்று மாறினேன். விடியற்காலையில் எழுந்து நடந்தேன். பாகற்காய்ச் சாறு, சிறுகுறிஞ்சான் பொடி என்று யார் எதைச் சொன்னாலும் செய்தேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை டெஸ்ட் எடுக்கும்போது பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி வயிறு கலங்கும். ஒவ்வொரு முறையும் ஃபெயில். மாத்திரை ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகியது. ஹெச்பிஏ1சி மட்டும் 11-ஐத் தாண்டிவிட்டது.

"உண்மையைச் சொல்லுங்கம்மா. வீட்ல என்னதான் சாப்பிடுறீங்க?" என்று டாக்டர் கேட்டபோது அங்கேயே அழுதுவிட்டேன்.

அதைவிட வலித்தது வேறு ஒன்று. கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உடைந்த மிட்டாய்த் துண்டுகளைப் போட்டுவைக்கிற ஒரு கண்ணாடி ஜாடி உண்டு. கடைக்கு வருகிற சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்காக. ஒருநாள் மதியம் அத்தை அந்த ஜாடியிலிருந்த துண்டுகளை எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். சாயங்காலம் மறுபடி எண்ணினார். கெட்ட எண்ணத்தில் இல்லை, மருமகள் மேல் இருந்த அக்கறையில்தான். ஆனாலும் திருடியைப் பார்ப்பது போல இருந்தது எனக்கு. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

மதுரையில் கேட்ட மூன்று கேள்விகள்

2023 தீபாவளிக்கு முந்தைய வாரம். ஆர்டர் தலைக்கு மேல் இருந்த நேரம். லேசான காய்ச்சல்தான் வந்தது. மறுநாள் வாந்தி, வயிற்று வலி. சாயங்காலத்துக்குள் மூச்சு வேகவேகமாக, ஆழமாக வாங்கத் தொடங்கியது. 'ஏதோ சாப்பாடு ஒத்துக்கலை' என்றுதான் நினைத்தோம். பேச்சு குழறியதும் என் கணவர் காரை எடுத்துக்கொண்டு மதுரைக்கு விரட்டினார்.

இரண்டு நாள் ஐ.சி.யூ. உடம்பில் இன்சுலின் அறவே போதாதபோது, சர்க்கரையை எரிக்க முடியாமல் உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்குமாம். அதில் உருவாகும் கீட்டோன் என்ற அமிலப்பொருள் ரத்தத்தில் சேர்ந்துவிட்டது. இன்னும் சில மணி நேரம் தாமதித்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

மூன்றாம் நாள் வார்டுக்கு மாற்றிய பிறகு, ஒரு பெண் டாக்டர் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். என்னென்ன சாப்பிடுகிறேன் என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டது மூன்றே கேள்விகள்.

"எவ்வளவு வெயிட் குறைஞ்சீங்க?" 

"15 கிலோ."

"வேற மாத்திரை எதுவும் எடுக்கிறீங்களா?"

"29 வயசுல இருந்து தைராய்டு மாத்திரை."

"குடும்பத்துல யாருக்காவது வெண்புள்ளி, மூட்டுவாதம், தைராய்டு மாதிரி ஏதாவது உண்டா?"

"எங்க அம்மாவுக்கு வெண்புள்ளி."

அவர் தலையாட்டிவிட்டு இரண்டு பரிசோதனைகள் எழுதினார். ஒன்று சி-பெப்டைடு. கணையம் ஒவ்வொரு முறை இன்சுலின் செய்யும்போதும் அதே அளவுக்குக் கூடவே உருவாகும் ஒரு துணைப்பொருள் இது. அதை அளந்தால் நம் கணையம் சொந்தமாக எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று தெரிந்துவிடும். எனக்கு அது மிகக் குறைவாக இருந்தது. இன்னொன்று, ஜிஏடி எதிர்ப்பொருள். அது இருக்கவே கூடாது. எனக்கு எக்கச்சக்கமாக இருந்தது.

"உங்களுக்கு வந்திருக்கிறது டைப் 2 இல்லம்மா. ஆட்டோஇம்யூன் சர்க்கரை. குழந்தைகளுக்கு வர்ற டைப் 1-ஓட அண்ணன் தம்பி மாதிரி. பெரியவங்களுக்கு மெதுவா வரும். அதனாலதான் முதல்ல மாத்திரைக்குக் கேட்கிற மாதிரி ஏமாத்தும். நீங்க எதைச் சாப்பிட்டதாலயும் இது வரலை. சாப்பிடாம இருந்திருந்தாலும் வந்திருக்கும்."

கடைசி இரண்டு வாக்கியங்களை இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். என் கணவர் காதில் விழும்படி!

நம் நாய், நம் கோழி

நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தால் நோய் வரும் என்றுதான் நமக்குத் தெரியும். அதனால் "என் எதிர்ப்பு சக்தி கூடிப்போச்சா டாக்டர்? கபசுரக் குடிநீர் குடிச்சதாலயா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

"கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆள் தெரியாமப் போச்சு" என்றார். அதற்கு அவர் சொன்ன உதாரணத்தை இன்றுவரை எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் காவலுக்கு ஒரு நாய் வளர்க்கிறோம். திருடன் வந்தால் கடிக்கும். நல்ல நாய்தான். ஆனால், ஒருநாள் அது நம் வீட்டுக் கோழியையே அந்நியமாக நினைத்துக் கடிக்கத் தொடங்குகிறது. தினம் ஒரு கோழி. கூட்டில் நிறைய கோழி இருக்கும்வரை முட்டைக்குக் குறைவில்லை. நமக்கும் விஷயம் தெரியாது. பத்தில் ஏழு, எட்டு போன பிறகுதான் 'என்ன, முட்டையே காணோம்' என்று பார்க்கிறோம்.

இங்கே நாய், நம் ரத்தத்தில் இருக்கும் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள். கோழி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள். முட்டைதான் இன்சுலின். டி செல்களுக்கு 'எது நம்ம ஆள், எது வேற்றாள்' என்று பாடம் சொல்லிக் கொடுப்பது நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கும் தைமஸ் என்ற சுரப்பி. அந்தப் பள்ளியில் சரியாகத் தேறாத சில செல்கள் வெளியே வந்துவிடுவது எல்லாருக்கும் நடப்பதுதான். சிலருக்கு மட்டும், பரம்பரை ஜீன்களும் இன்னும் முழுதாகப் பிடிபடாத வெளிக்காரணங்களும் சேர்ந்து அவற்றைக் கணையத்தின் பக்கம் திருப்பிவிடுகின்றன. ஒரே மாதிரி ஜீன் உள்ள இரட்டையர்களில்கூட ஒருவருக்கு வந்தால் மற்றவருக்குக் கட்டாயம் வரும் என்று சொல்ல முடியாது.

என் மகள் அப்போது எட்டாம் வகுப்பு. அம்மாவுக்கு வந்த நோயைப் பற்றித் தேடித்தேடிப் படித்து எனக்கும் சொல்லிக் கொடுத்தாள். கணையத்துக்குள் தீவு தீவாக இருக்கும் அந்த செல் கூட்டங்களை 1869-ல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மன் மாணவர் கண்டுபிடித்தாராம். அவை எதற்கென்று அவருக்கே தெரியாதாம். சர்க்கரை நோய் கண்டு சில நாட்களிலோ மாதங்களிலோ இறந்துபோன இளம் நோயாளிகளின் கணையங்களை பெல்ஜியத்தைச் சேர்ந்த வில்லி கெப்ட்ஸ் ஆராய்ந்து, 1965-ல் முடிவுகளை வெளியிட்டார். பலருடைய தீவுகளைச் சுற்றி வெள்ளை அணுக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. 1974-ல் லண்டனில், இந்தத் தீவுகளுக்கு எதிரான எதிர்ப்பொருள்களை நோயாளிகளின் ரத்தத்திலேயே கண்டுபிடித்தார்கள். அதில் முதலில் பரிசோதிக்கப்பட்டவர்கள் யார் தெரியுமா? சர்க்கரையோடு தைராய்டு போன்ற வேறு தன்னுடல் தாக்கு நோய்களும் சேர்ந்து இருந்தவர்கள். என்னைப் போன்றவர்கள்!

அந்த எதிர்ப்பொருள்கள் பீட்டா செல்களைக் கொல்வதில்லை. கொல்வது பெரும்பாலும் டி செல்கள்தான். எதிர்ப்பொருள், மண்ணில் பதிந்த நாயின் காலடித் தடம் மாதிரி. தடத்தைப் பார்த்து, கூட்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

இப்படிப்பட்டவர்கள் அபூர்வம் என்றும் நினைக்க வேண்டாம். புதிதாக டைப் 2 என்று சொல்லப்பட்டவர்களை வைத்து பிரிட்டனில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், நூறில் சுமார் 12 பேருக்கு இந்த எதிர்ப்பொருள்கள் இருந்தன.

என் தைராய்டும் இதே கதைதான். அங்கே நாய் கடித்தது தைராய்டு சுரப்பியை. அம்மாவுக்குத் தோலில் நிறம் தரும் செல்களை.

அம்மாவை நினைத்தபோதுதான் நெஞ்சு அடைத்தது. வெண்புள்ளி வந்த பிறகு அம்மா கல்யாண வீடுகளில் முன்வரிசையில் உட்கார்ந்ததே இல்லை. ஆரத்தித் தட்டைத் தொட்டதில்லை. என் கல்யாணத்திலேயே பந்திப் பக்கம் வராமல் சமையல்கட்டு ஓரமாக நின்றார். 'ஏதோ பாவம் செஞ்சிருக்கேன்' என்று சொல்லிச் சொல்லியே 2016-ல் போய்ச் சேர்ந்தார். தொற்றாத, யார் தவறாலும் வராத ஒரு கோளாறுக்காக வாழ்நாள் முழுக்க ஒளிந்து வாழ்ந்தார். நான் மிட்டாய் தின்றேன் என்று சொன்ன ஊர், அம்மா பாவம் செய்தாள் என்று சொன்னது. நோய்க்குச் சரியான பெயர் தெரியாதபோது நாம் அதற்குக் குற்றம் என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

பாகு பதமும் இன்சுலின் அளவும்

எனக்கு இன்சுலின் தொடங்கினார்கள். நாள் ஒன்றுக்கு நான்கு ஊசி. "ஊசி போட்டுட்டா அவ்வளவுதான், கடைசிக் கட்டம்" என்று உறவுக்காரர்கள் வந்து துக்கம் விசாரிக்காத குறை. எனக்கோ அது மறுபிறவியாக இருந்தது. 1922 ஜனவரியில் கனடாவின் டொரன்டோ நகரில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்குத்தான் முதன்முதலில் இன்சுலின் செலுத்தினார்கள். அதற்கு முன்பு இந்த நோய் வந்த பிள்ளைகளுக்குப் பட்டினி போடுவதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை. பட்டினி கிடந்து எலும்பும் தோலுமானவர்களின் கதையைப் படித்தபோது, வரகும் பாகற்காயுமாகக் கரைந்துபோன என் இரண்டு வருடங்கள்தான் கண்முன் வந்தன.

மூன்றே மாதத்தில் ஏழு கிலோ ஏறினேன். ஹெச்பிஏ1சி 7.2-க்கு இறங்கியது. மீதியிருக்கும் கோழிகளுக்கும் இன்சுலின் ஊசி ஒரு ஓய்வு. ஜப்பானில் என்னைப் போன்றவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், கணையத்தைப் பிழியும் வகை மாத்திரைகளைவிட ஆரம்பத்திலேயே இன்சுலின் கொடுத்தவர்களுக்குச் சொந்தச் சுரப்பு அதிக நாள் தாக்குப்பிடித்தது.

அளவு கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். அதில் எனக்கு ஆசிரியர் என் கணவர். "பாகு ஒரு நிமிஷம் முந்தினா பிசுபிசுக்கும், ஒரு நிமிஷம் பிந்தினா கசக்கும். தண்ணியில ஒரு சொட்டு விட்டுப் பாத்துக்கிட்டே இருக்கணும். அதே மாதிரிதான் இதுவும். பாத்துக்கிட்டே இரு" என்பார். விரலில் குத்திப் பார்ப்பது என் ஒரு சொட்டுப் பாகு.

ஒருநாள் ராத்திரி பதம் தப்பிவிட்டது. கணவர் ஊரில் இல்லை. சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு வழக்கமான ஊசியைப் போட்டுவிட்டேன். உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டிக்கொண்டு வந்தது. சமையலறைச் சுவரைப் பிடித்து நின்றேன். அத்தை எழுந்து வந்தார். "மிட்டாய் எடுத்துட்டு வரட்டுமா?" என்று பதறினார். "வேண்டாம்த்தே, சீனி... தண்ணியில..." என்றேன்.

டாக்டர் சொல்லியிருந்தார். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். கடலை மிட்டாய் அதற்கு உதவாது. கடலையில் இருக்கும் கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் கலப்பதைத் தாமதப்படுத்தும். மிட்டாய்க்கடைக்காரிக்கு ஆபத்தில்கூட மிட்டாய் உதவவில்லை பாருங்கள்!

அத்தை சீனித் தண்ணீரைப் புகட்டிவிட்டு, நான் தெளியும்வரை என் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "சீனி இல்லாம சாகப் பாத்தியேட்டி..." என்று மட்டும் சொன்னார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆனால், மறுநாளிலிருந்து ஜாடியை யாரும் எண்ணவில்லை.

மகளுக்கு டெஸ்ட் எடுக்கலாமா?

எல்லாம் ஒரு நிலைக்கு வந்த பிறகு, ஒரு பயம் மட்டும் போகவில்லை. என் மகள்.

டைப் 1 உள்ள அம்மாவின் பிள்ளைகளுக்கு அது வரும் வாய்ப்பு நூறில் ஒன்றிலிருந்து நான்கு வரைதான் என்றார் டாக்டர். குறைவுதான். ஆனால், அம்மா மனசு அந்த ஒன்றில்தானே போய் நிற்கும்? அவள் இரண்டு டம்ளர் தண்ணீர் சேர்த்துக் குடித்தால் எனக்குத் திக்கென்று இருக்கும்.

எதிர்ப்பொருள் பரிசோதனை எடுத்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும். இத்தாலியில் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தப் பரிசோதனை செய்ய 2023-ல் சட்டமே கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால், தெரிந்து என்ன செய்வது? தடுக்கிற மருந்து உண்டா? நாளைக்கு ஒரு வரன் பார்க்கும்போது இந்தக் காகிதம் அவளுக்கு முன்னால் போய் நிற்காதா? அம்மாவைப் போல அவளையும் ஓரமாக நிற்க வைத்துவிடுமா? ஒரு வருடத்துக்கும் மேல் தள்ளிப்போட்டேன்.

டாக்டரிடம் கேட்டேன், நாயை அடக்க வழியே இல்லையா என்று. "நாயைக் கொன்னுட முடியாதும்மா. அப்புறம் திருடன் வந்தா யாரு பாப்பா?" என்றார். 1980-களில் பிரான்சிலும் கனடாவிலும் நோய் எதிர்ப்பு சக்தியையே அடக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். சிலருக்கு இன்சுலினே தேவைப்படாமல் போனது. ஆனால், மருந்தை நிறுத்தியதும் நோய் திரும்பியது. தொடர்ந்து கொடுத்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து.

பிறகு வந்தது டெப்லிசுமாப். இது ஆய்வகத்தில் உருவாக்கிய ஓர் எதிர்ப்பொருள். டி செல்களின் மேல் போய் ஒட்டிக்கொண்டு அவற்றின் வேகத்தைக் குறைக்கிறது. நோய் எதிர்ப்பு மண்டலம் செய்த வினைக்கு, அதே மண்டலத்தின் ஆயுதமே மருந்து! நெருங்கிய உறவில் டைப் 1 உள்ள, நோய் தொடங்கும் தறுவாயில் இருந்த 76 பேரிடம் இதைச் சோதித்தார்கள். முடிவு 2019-ல் வந்தது. 14 நாள் டிரிப்ஸ் மூலம் மருந்து ஏற்றியவர்களுக்கு நோய் வெளிப்படுவது சராசரியாக இரண்டு வருடம் தள்ளிப்போனது. 2022 நவம்பரில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட எதிர்ப்பொருள்கள் தென்பட்டு, சர்க்கரையும் லேசாக ஏறத் தொடங்கியவர்களுக்கு மட்டும்தான் அது. விலை? அங்கே அறிமுகமானபோது ஒரு முறை சிகிச்சைக்கு 1,93,900 டாலர். நம் பணத்தில் ஒன்றரைக் கோடிக்கு மேல். எங்கள் கடையை விற்றாலும் கட்டாது.

ஸ்டெம் செல்லிலிருந்து புது பீட்டா செல்களை உருவாக்கிச் செலுத்தும் சிகிச்சையில், முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேர் ஒரு வருடத்தில் இன்சுலினையே நிறுத்திவிட்டதாக 2025-ல் செய்தி வந்தது. சந்தோஷம்தான். ஆனால், அவர்கள் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகளைத் தொடர்ந்து எடுக்க வேண்டும். கூட்டில் புதுக் கோழி விட்டாலும் நாய் அங்கேயேதானே இருக்கிறது!

அதே வருடம் அக்டோபரில் மருத்துவத்துக்கான நோபல் பரிசை அறிவித்தார்கள். மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி என்ற மூன்று பேருக்கு. என்ன கண்டுபிடித்தார்கள் தெரியுமா? டி செல்களிலேயே மற்ற செல்களைத் தட்டி அடக்கும் சமாதானக்கார செல்கள் உண்டு என்பதை. அவற்றுக்கு அடிப்படையான ஜீனில் கோளாறோடு பிறக்கும் ஆண் குழந்தைகள் பலருக்கு, பிறந்த கொஞ்ச காலத்திலேயே சர்க்கரை நோய் வந்துவிடும். அந்தச் சமாதானக்காரர்களைப் பெருக்கி உடம்புக்குள் அனுப்ப முடியுமா என்று இப்போது முயன்றுகொண்டிருக்கிறார்கள். இன்னும் ஆராய்ச்சி அளவில்தான்.

டி.வி-யில் அந்தச் செய்தி ஓடியபோது பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்ட என் மகள் பக்கத்தில் இருந்தாள். "எனக்கு அந்த டெஸ்ட் எடுத்துரலாம்மா" என்றாள்.

"எடுத்து என்ன செய்யடா? தடுக்கவா முடியும்?"

"தடுக்க முடியாது. ஆனா, நீ ஐ.சி.யூ-ல கிடந்த மாதிரி நான் கிடக்க வேண்டாம்ல?"

என்னிடம் பதில் இல்லை. அவள் சொன்னதுதான் டாக்டரும் சொன்னது. முன்பே தெரிந்து கவனித்து வந்தால், அந்த மூச்சு வாங்குகிற ஆபத்துவரை போகாமல் பிடித்துவிடலாம்.

நான்கு வகை எதிர்ப்பொருள்களைப் பார்த்தார்கள். மூன்று இல்லை. ஒன்று மட்டும் இருந்தது. எனக்கிருந்த அதே ஜிஏடி. சர்க்கரை அளவு நார்மல்.

ரிசல்ட் வந்த அன்று நான் சாப்பிடவில்லை. டாக்டர் பொறுமையாக விளக்கினார். ஒரே ஒரு எதிர்ப்பொருள் இருக்கும் குழந்தைகளில் அடுத்த பத்து வருடத்தில் நோய் வருவது நூறில் சுமார் 15 பேருக்கு. இரண்டோ அதற்கு மேலோ இருந்தால்தான் அது 70-ஐ ஒட்டிப் போகிறது. சிலருக்கு அந்த ஒன்றும் மறைந்துவிடுவதுண்டு. "ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பாப்போம். நடுவுல அவளை நோயாளி ஆக்கிடாதீங்க" என்றார்.

இதைப் படிக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து இரண்டே விஷயங்கள். ஒல்லியான உடம்பு, வேகமாகக் குறையும் எடை, குடும்பத்தில் தைராய்டு, வெண்புள்ளி போன்றவை, எத்தனை மாத்திரை போட்டாலும் இறங்காத சர்க்கரை... இப்படி இருந்தால் 'எனக்கு வந்திருப்பது எந்த வகை சர்க்கரை?' என்று டாக்டரிடம் கேளுங்கள். சி-பெப்டைடும் ஜிஏடி-யும் தேவையா என்று அவர் சொல்வார். நீங்களாக மாத்திரையையோ ஊசியையோ நிறுத்திவிடாதீர்கள். அடுத்தது, வீட்டில் யாருக்கு எந்த வகை சர்க்கரை வந்தாலும் 'என்ன தின்ன?' என்று முதல் கேள்வி கேட்காதீர்கள். டைப் 2-விலும் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தக் கேள்வியால் யாருக்கும் சர்க்கரை இறங்கியதில்லை.

போன வாரம் ஸ்கூல் விட்டு வந்தவள், புத்தகப் பையைக்கூட இறக்காமல் கல்லாப் பக்கம் வந்து ஜாடிக்குள் கையை விட்டாள். அத்தை என்னைப் பார்த்தார். நான் அத்தையைப் பார்த்தேன். இரண்டு பேருமே ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு துண்டு எடுத்தாள். ஒன்றை வாயில் போட்டு நறுக்கென்று கடித்தாள். இன்னொன்றைப் பாட்டி கையில் வைத்துவிட்டு மாடிக்கு ஓடிவிட்டாள்.

நான் கணக்கு நோட்டைத் திறந்தேன். அடுத்த டெஸ்ட் தேதியை ஒரு ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறேன். அதற்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.